மணிக்கூண்டும் ஒரு சிறுநீரகமும்

நான் ஒரே இடத்தில் இருக்கத் தெரியாத ஆள். இருபத்தெட்டு வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டினேன். எஸ்டேட்டிலிருந்து எண்ணெய் மில்லுக்கு, மில்லிலிருந்து எஸ்டேட்டுக்கு. செம்மண் பாதை, தார்ச்சாலை, மறுபடியும் செம்மண். லோரி நின்றால் கால் குடையும். அப்படிப்பட்டவனைப் பிடித்து, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கோல சிலாங்கூரில் ஒரு நீல நாற்காலியில் கட்டிப்போட்டது இந்த நோய்.

முதலில் சப்பாத்துதான் சொன்னது. காலையில் நுழைந்த கால் சாயங்காலம் கழற்ற வரவில்லை. பிறகு சோறு ருசிக்கவில்லை. வாயில் எப்போதும் ஒரு துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருந்தது. பிறகு மூச்சு. லோரியின் படியில் ஏறி உட்காருவதற்குள் மாடு இழுப்பது மாதிரி இழுத்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாளே கூப்பிட்டார்கள். ரத்த முடிவுக்கு மறுநாளே கூப்பிட்டால் நல்ல சேதி இருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிரியேட்டினின் என்று ஒன்று இருக்கிறது. தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாமல் போனால் ரத்தத்திலேயே தேங்கும். எனக்குத் தேங்கியிருந்த அளவைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் டாக்டர், "எப்படி நடந்து வந்தீங்க?" என்று மலாயில் கேட்டார். நடந்து வரவில்லை, லோரி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் ரத்தக் கொதிப்பு. காரணத்துக்குக் காரணம் நான். கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். பாரம் ஏற்றிய லோரியை அரைமணிக்கு ஒரு தரம் ஓரங்கட்ட முடியுமா? நிறுத்தினால் மில் வரிசையில் பத்து லோரி முந்திவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை போட்டேன். ஆறு நாள் ஓட்டத்துக்கு, ஒரு நாள் மருந்துக்கு. லோரிக்காரர்களில் நான் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிற எவராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால், தயவு செய்து, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மாத்திரையை அல்ல, லோரியை.

இடது கையில் ஃபிஸ்துலா போட்டார்கள். உள்ளே போகிற ரத்தக் குழாயையும் வெளியே வருகிற ரத்தக் குழாயையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுவது. குழாய் பருத்து, தடித்த ஊசி தாங்கும். தோலுக்கடியில் ரத்தம் விர்ரென்று ஓடுவதைத் தொட்டால் உணரலாம். லோரியை விட்டேன்; எஞ்சின் என் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி பெயர் அஞ்சலை. பத்தாங் பெர்ஜுந்தாயில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறாள். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் பழக்கம் வரவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என் கீரையை இரண்டு தடவை வேகவைத்து, இரண்டு தடவையும் நீரைக் கொட்டினாள். அப்போதுதான் பொட்டாசியம் போகும். போகாவிட்டால் இதயம் திடீரென்று நின்றுவிடலாம். அந்தக் கீரை ஊறிய துணி மாதிரி இருக்கும். அதையே அவளும் சாப்பிட்டாள். "ஒனக்கென்ன, நீ நல்லா தின்னு" என்றால், "ரெண்டு சட்டி யாரு கழுவுறது?" என்பாள். நான் பார்க்க அவள் தண்ணீர் குடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பின்பக்கக் குழாயடிக்குப் போய்த்தான் குடிப்பாள். எனக்கு எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டர்தான் அனுமதி. அவள் ஒளிந்து குடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் நாற்காலியில் என் பக்கத்து ஆள் காதர் பாய். கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பிரியாணி போட்டுவிட்டு, உப்பில்லாத ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். இரண்டாவது மணி நேரத்தில்தான் எல்லாருக்கும் சோர்வு தட்டும். கால் கொரக்களி இழுக்கும். சுவர்க் கடிகாரம் பொய் சொல்வது போலிருக்கும். அந்த நேரம் பார்த்து பாய் ஆரம்பிப்பார்.

"தம்பி, அந்த மலைக் கதய எடுத்து உடுங்க."

"எத்தன தடவ பாய்?"

"டிவில போட்டதயே போடுறான். நீங்க சொன்னதயே சொன்னா என்ன லா?"

நான் சொல்வேன். கல்யாணமான நாலாம் நாள். சிநேகிதனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிள். வழியில் ராசா, கோலகுபு பாரு என்று ஊர்கள், அணை உடைந்து பழைய ஊரையே அடித்துக்கொண்டு போன அம்பாங் பெச்சா, அதற்கப்புறம் வளைவு வளைவாகப் புக்கிட் ஃபிரேசர் மலை. மலைப்பாதை ஒற்றைப் பாதை. ஒரு மணி நேரம் ஏறுகிறவர்களுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிறவர்களுக்கு. நடுவில் ஒரு கேட். மேலே போனால் கொடி படர்ந்த மணிக்கூண்டு. தட்டு அகலத்துக்கு ரோஜா. அஞ்சலை என்னை அழைத்துப்போக வந்திருந்தால் பாதியை அவள் பிடுங்கிக்கொள்வாள்.

"டீ குடிச்சோம் பாய். டீயில வர்ற பொக எது, பனி எதுன்னு தெரியாது. இவரு சட்டயத்தான் நான் சீலைக்கு மேல போட்டுக்கிட்டேன். பல்லு தந்தி அடிக்குது, இவரு என்னடான்னா மணிக்கூண்டப் பாத்து டைம் சரி பண்றாரு!"

"பொண்டாட்டிய ஒரே ஒரு தடவ வெளிய கூட்டிட்டுப் போயிட்டு, அதயே இருவத்தாறு வருசமா ஓட்டுறீரே! நீரு லோரி டிரைவர் இல்ல, மகா டிரைவரு!" என்பார் பாய். தாதி வந்து, "ரத்த அழுத்தம் ஏறுது, சிரிக்காதீங்க" என்று அதட்டுவாள்.

நாங்கள் போன ஒரே பயணம் அது. அதற்கப்புறம் நான் போய்க்கொண்டே இருந்தேன், அவள் இருந்துகொண்டே இருந்தாள்.

பதினாலு மாதம் கழிந்தது. ஒரு மத்தியானம் மீன் செதில் எடுத்துக்கொண்டே அஞ்சலை சொன்னாள்: "எனக்கு ரெண்டு இருக்கு."

"என்னா ரெண்டு?"

"கிட்னிதான். கிளினிக்ல ரத்தம் பாத்தேன். ஓ குரூப்பாம். யாருக்கு வேணா குடுக்கலாமாம்."

"வேணாம்."

"ஒங்கள யாரு கேட்டா?"

ஒரு மாதம் 'வேணாம்' என்றேன். என்ன பயம் என்று சொல்லத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு, அதையும் கெடுத்துவிட்டால்? சிறுநீரகம் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையில் கரைத்தவன் நான். அவள் பாட்டுக்குக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டாள்.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. இதயப் படம், நெஞ்சுப் படம், வயிற்று ஸ்கேன். ஒருநாள் முழுக்க அவளுடைய சிறுநீரை ஒரு பெரிய கேனில் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதைத் துணிப்பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்து மறைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பிறகு கிராஸ்மேட்ச். அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் கலந்து, என் உடம்பு அவளுடையதைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறதா என்று பார்ப்பது. போகவில்லை. இருபத்தாறு வருடம் வாயால் போட்ட சண்டை எதுவும் ரத்தம் வரைக்கும் இறங்கவில்லை போலும்.

எல்லாம் பொருந்தியது. பொருந்தாதது ஒரு தாள்.

கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அஞ்சலை பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். எஸ்டேட் மாரியம்மன் கோயில் ரசீது. கோயில் முத்திரை, தலைவர் கையெழுத்து, சாட்சியாக எஸ்டேட் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, கையெழுத்து. கிராணி கையெழுத்துப் போட்டுவிட்டால் சர்க்காரே போட்ட மாதிரி என்றுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் நினைத்தோம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: இது மண்டப வாடகைக்கான ரசீது. கல்யாணம் பதிவாகவில்லை. சட்டப்படி நீங்கள் இருவரும் இன்னும் தனி ஆட்கள்.

இருபத்தாறு வருடம் தனி ஆட்கள்.

சரி, பதிந்துகொள்வோம் என்று பதிவு அலுவலகத்துக்குப் போனோம். சாட்சிக்கு அவள் தம்பியும் காதர் பாயும். பாய் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, மூன்று பொட்டலம் பிரியாணியோடு வந்தார். "மாப்புளைக்குப் பிரியாணி கெடயாது, பொட்டாசியம்!" என்று ஒன்றைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அஞ்சலை கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்பது வயசுல புதுப்பொண்ணு" என்று முக்காடு போட்டுக்காட்டினாள். அன்றைக்கு நிறையச் சிரித்தோம். அந்தத் தாளில் அன்றைய தேதி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கவனித்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். காசுக்காக யாரையாவது பிடித்து, கல்யாணம் என்று ஒரு தாளைக் காட்டி, அறுத்து எடுத்துக்கொண்டு விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே மருத்துவர்கள் அல்லாதவர்களும் இருக்கிற ஒரு குழு உண்டு. அந்தக் குழுவின் கண்ணுக்கு நாங்கள் மூன்று வாரத் தம்பதி. பிள்ளை இல்லை. இருக்கும் வீடு அவள் தம்பி பெயரில். சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கு கிடையாது. இரண்டு பேர் பெயரும் ஒன்றாக அச்சான ஒரே தாள் அந்த மண்டப ரசீது. அக்கம்பக்கத்தாரின் கடிதம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் இருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்றார்கள். இதில் சந்தேகம் வந்தால் அறுவை கிடையாது. எனக்கு நாற்காலிதான். அந்த நாற்காலியில் எத்தனை வருடம் தாங்குவேன் என்று டாக்டர் சொல்லாமல் விட்டதிலேயே புரிந்தது.

விசாரித்த பெண் பெயர் கோமதி. சமூக நல அதிகாரி. சின்ன வயது. குரலில் இரக்கம், கையில் பேனா. அது டயாலிசிஸுக்கு மறுநாள். மறுநாள் என்பது, பிழிந்து கொடியில் போட்ட துணியாக இருக்கும் நாள்.

"அங்கிள், ரிலாக்ஸா பேசுங்க. நீங்களும் ஆன்ட்டியும் சேர்ந்து எங்கயாச்சும் டிராவல் பண்ணிருக்கீங்களா? அத சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். மணிக்கூண்டு வரவேண்டும். இருபத்தாறு வருடம் தானாக வந்தது, அன்றைக்கு வரவில்லை. பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

"புக்கிட் ஃபிரேசருக்குக் கெளம்புனோம். மேல போகல."

போகவில்லை. உண்மை அதுதான். கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்போதுதான் மூடியிருந்தார்கள். அடுத்த முறைக்குக் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரு பழைய விடுதியின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கேட் திறந்தபோது மோட்டார் கிளம்பவில்லை, பிளக்கில் தண்ணீர். துடைத்து, ஊதி, உதைத்து, அது உறுமியபோது கேட் மறுபடி மூடியிருந்தது. இருட்டும் முன் வீடு சேரவேண்டும் என்று திரும்பிவிட்டோம். லயத்தில் எல்லாரும் வாசலில் நின்று, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். புது மாப்பிள்ளை நான் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. அவள்தான் முதலில் சொன்னாள்: "ரொம்பக் குளிரு." மணிக்கூண்டை அடுத்த வாரம் நான் சேர்த்தேன், ஒரு நாட்காட்டிப் படத்திலிருந்து. ரோஜா யார் வைத்தது என்று இப்போது நினைவில்லை.

கோமதி எழுதிக்கொண்டார். அடுத்து அஞ்சலை உள்ளே போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஈஜோக் சிக்னலில் நின்றோம். நான்தான் காரை ஓட்டினேன்.

"என்னா கேட்டாங்க?" என்றேன்.

"எங்க போனீங்கன்னு. நல்லவேள, நம்ம கதைதான் இருக்கே. மணிக்கூண்டு, ரோசா, டீ, ஒண்ணு உடல. ஒங்க சட்டய போட்டுக்கிட்டதுகூட சொன்னேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நான் மேல போகலன்னு சொல்லிட்டேன், புள்ள."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஏன்?"

"அசதி. பொய் சொல்லத் தெம்பு இல்ல."

"இருவத்தாறு வருசமா இருந்த தெம்பு இன்னிக்கி எங்க போச்சு?"

"மெஷின்ல போச்சு."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க எப்பவும் சொல்றதத்தான் சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தானே நானும் சொன்னேன்? ஒண்ணா இருக்கணும்னுதானே?" என்றாள். அப்புறம் பத்தாங் பெர்ஜுந்தாய் வரைக்கும் பனைமரம்தான். இரண்டு பக்கமும் பனைமரம். ஒரே பயணம், இரண்டு வாக்குமூலம். ஒருவர் பொய் சொல்கிறார் என்று எழுதிவைப்பார்கள். யார் என்றுகூட அவர்களுக்குக் கவலை இருக்காது.

எட்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். குழு முன்னால் இருவரும் சேர்ந்து வரவேண்டும். அந்த எட்டு நாளும் அவள் என்னோடு பேசியது சாப்பாடு, மாத்திரை, சட்டை, அவ்வளவுதான்.

"உள்ளத உள்ளபடி சொல்லிடுவோம்" என்றேன். "கதைதானே, போனா போவுது."

"ஒங்களுக்கு அது கத" என்றாள். "வெளையாட்டு. எனக்கு அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

அவள் என் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அறையில் மூன்று பேர். நடுவில் வயதான மலாய் டாக்டர், வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. ஓரத்தில் கோமதி, தேவைப்பட்டால் மொழிபெயர்க்க. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நாள், ஒரே மோட்டார், ஒரே மலை. ஒருவர் போனோம் என்கிறார், ஒருவர் போகவில்லை என்கிறார். எது சரி?

அஞ்சலை தமிழில் பேசலாமா என்று கேட்டாள். பேசு என்றார்.

"போகல சார். இவரு சொன்னதுதான் சரி. கேட்டு மூடிட்டாங்க, மழ, மோட்டரு கெளம்பல. திரும்பிட்டோம்."

"அப்படீன்னா ஏன் போனதா சொன்னீங்கன்னு டாக்டர் கேக்குறாரு, ஆன்ட்டி" என்றார் கோமதி.

அஞ்சலை தன் கையைப் பார்த்தாள். மீன் முள் கீறிய, எண்ணெய் தெறித்த கை.

"கல்யாணமாயி ரெண்டு வருசத்துல கேக்க ஆரம்பிப்பாங்க, சார். கல்யாண வீட்டுல கேப்பாங்க, சாவு வீட்டுல கேப்பாங்க, கோயில்ல, கிளினிக்ல, பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்த பொம்பள கேப்பா. எத்தன புள்ளைங்கன்னு. இல்லன்னு சொன்னா உடமாட்டாங்க. யாருகிட்ட கொறன்னு அடுத்தது கேப்பாங்க. இவருகிட்டயா ஒங்கிட்டயான்னு. அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நான் மலைக்கு ஏறிடுவேன். எங்க வீட்டுக்காரரு என்னைய எங்க கூட்டிட்டுப் போனாரு தெரியுமான்னு ஆரம்பிச்சிடுவேன். மணிக்கூண்டச் சொல்லுவேன், ரோசாவச் சொல்லுவேன். அவங்களும் சிரிச்சிட்டுப் போயிருவாங்க. இருவத்தாறு வருசம் அது மேலதான் சார் ஒக்காந்திருந்தேன். எறங்கி வந்தா கேப்பாங்களே."

கோமதி மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எத்தனை கல்யாண வீட்டில், 'இதோ ஆரம்பிச்சிட்டா' என்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பக்கத்திலிருந்து ரோஜாவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறேன். எதற்காக என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். உண்மையில் நடந்த அன்றைக்கு உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்.

"இவ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா, டாக்டர்" என்றேன். "அந்தத் தாழ்வாரத்துல. ஒரு மணி நேரம். எனக்கு ஒண்ணுக்கு முட்டுது. மழ வேற கொட்டுது, கேக்கணுமா? எழுந்தா முழிச்சிருவாளேன்னு அப்படியே ஒக்காந்திருந்தேன். ஒக்காரவே முடியாத ஆளு நான்."

"நான் தூங்கல" என்றாள் அஞ்சலை.

"தூங்குன."

"கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். நாலு நாளு பழக்கம். முழிச்சிருந்தா ஒங்ககிட்ட என்னத்தப் பேசுறதுன்னு தெரியல."

"கொறட்ட வுட்டியே?"

"அது மழ!"

"மழைக்கும் கொறட்டைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா பிளக்குல தண்ணி போறதும் தெரிஞ்சிருக்கும்!"

கோமதி வாயைப் பொத்திக்கொண்டார். இதை மொழிபெயர்க்கட்டுமா என்பது போல டாக்டரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடைசிக் கேள்வி. யாராவது வற்புறுத்தினார்களா, பணம் தருவதாகச் சொன்னார்களா?

"கேட்டாத்தான் சார் வற்புறுத்துறது. இவரு ஒரு நாளும் கேக்கல. வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு." கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்னு சொல்றவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இல்லை என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை போன் வந்தது. அவள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். சம்மதித்துவிட்டார்கள் என்றேன். "சரி" என்றாள். கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "ஸ்கூல்ல லீவு சொல்லணும்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் போகப்போனேன். "கருவாட்டுக் கை" என்று தள்ளிவிட்டாள்.

அறுவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்காக. கொடுப்பவரைத்தான் முதலில் கொண்டுபோவார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, ஒரு சிறுநீரகத்தைப் பிரித்து எடுப்பார்கள். வாங்குபவருக்குப் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அவை சுருங்கி அங்கேயே கிடக்கும். புதியதை அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்துத் தைப்பார்கள். எனக்குள் இப்போது மூன்று இருக்கின்றன, வேலை செய்வது ஒன்று. உடம்பு அதை அந்நியம் என்று விரட்டாமலிருக்க, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை. காலை ஒன்பது, இரவு ஒன்பது, நிமிடம் தப்பாமல், உயிருள்ள வரைக்கும். கை நடுங்கும், முடி கொட்டும், யாராவது பக்கத்தில் தும்மினால் பயம் வரும். மாத்திரை விஷயத்தில் நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மாத்திரையை இதுவரை ஒரு வேளை தவறவிடவில்லை.

அவளைத் தள்ளிக்கொண்டு போன காலையில் பச்சைத் தொப்பி அவள் காதை மூடியிருந்தது. வளையலைக் கழற்றிய கை ரொம்ப மெலிந்து தெரிந்தது. கதவு ஆடி நின்றது. அடுத்த மூன்று மணி நேரம் நான் எப்படிப் படுத்துக்கிடந்தேன் என்று எழுத வரவில்லை. எழுதிப் பார்த்து இரண்டு முறை அடித்துவிட்டேன்.

எனக்கு நினைவு வந்தபோது தாதி ஒருத்தி கட்டிலுக்கடியில் குனிந்து பையில் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துக்கிட்டே இருக்கு அங்கிள், நிக்கவே மாட்டேங்குது" என்றாள். ஒரு வருடத்துக்கும் மேலாக வராமலிருந்த சிறுநீர். நான் கேட்டது வேறு. "ஆன்ட்டி நல்லா இருக்காங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் என்னை நடக்கவிட்டார்கள். முகக்கவசம், மருந்துக் கம்பம், கையில் பை, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்தேன். நாற்பதடி தூரம். பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறுகிற மாதிரி முதல் கியரில் போனேன். பெண்கள் வார்டில் அவள் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே பேச்சுக்குரல். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மகளுக்குத் துணையாக ரவாங் ஊரிலிருந்து வந்த அம்மா இந்தப் பக்கம் வந்து பேசிக்கொண்டிருந்தார் போல.

"ஒனக்கு எத்தன புள்ளைங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

நான் திரைக்கு வெளியே நின்றுவிட்டேன். காத்திருந்தேன். இப்போது ஆரம்பிப்பாள். குளிர், மணிக்கூண்டு, ரோஜா. எனக்கு வரியோடு தெரியும்.

"இல்லம்மா" என்றாள் அஞ்சலை. "பொறக்கல."

ஏதோ ஒரு மெஷின் மட்டும் கத்திவிட்டு ஓய்ந்தது.

"அப்படியா" என்றார் அந்த அம்மா கடைசியில். "ரொம்ப வலிக்குதா, தையல்?"

"எந்திரிக்கறப்பதான்."

மருந்துக் கம்பத்தால் திரையை விலக்கினேன். அவள் கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள், இடப்பக்கத்தைக் கையால் அழுத்தியபடி. நான் வலப்பக்கத்தை அழுத்தியிருந்தேன். இரண்டு பேரும் ஒடிந்த மாதிரி நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் முகம் வெளிறி, உதடு காய்ந்து, தலை வாராமல் இருந்தது.

"யாரும்மா இவரு?" என்றார் ரவாங் அம்மா. கேட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி, சொல்ல வேணாம் லா. நிக்கற நெலயப் பாத்தாலே தெரியுது, புருசன் பொண்டாட்டின்னு. ஒரே கடையில தச்ச மாதிரி!"

அஞ்சலை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்க வெக்காதீங்கம்மா" என்றாள். "தையல் இழுக்குது."